புதுப்பிப்பு: அம்மாவின் ஷெங்கன் விசா, 90 நாள் கணக்கு

அம்மாவுக்கு ஒரு வருட மல்டிபிள் என்ட்ரி (பலமுறை போய்வரும்) ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, கிடைத்திருக்கிறது, ஜெர்மனியில் தம்பி வீட்டில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருக்கலாமா என்று கேட்டிருந்தேன். முடியாது. ஸ்டிக்கரில் இரண்டு தேதிகளுக்கு இடையே ஒரு வருடம் இருந்தாலும், தங்கும் நாட்களுக்கான கட்டத்தில் 90 என்றுதான் அச்சாகியிருக்கிறது.

எந்த நாளில் நின்று பார்த்தாலும், அன்றையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களுக்குள் தங்கிய நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இருந்துவிட்டால் (லீப் வருடம் இல்லையென்றால்), அடுத்து ஜூன் 30 அன்றுதான் நுழையலாம்.

“சுவிட்சர்லாந்து போய் வந்தால் புதுக் கணக்கு” என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதுவும் ஷெங்கன்தானே! ஷெங்கனில் சேராத லண்டன் போனால் நாள் ஓடாது, ஆனால் பழைய நாட்கள் அழிந்துவிடாது. ஐரோப்பிய ஆணையத்தின் தளத்திலேயே இதற்கு ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. உறவினர் வாட்ஸ்அப் கணக்கை விட அது தேவலை. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் விரல்ரேகை, முகப்படம் எடுத்துப் பதியும் முறையும் தொடங்கிவிட்டது. இனி முத்திரை மங்கலாக இருக்கிறது என்று சமாளிக்க முடியாது.

நிரந்தரமாக அழைத்துக்கொள்வது வேறு கதை. ஜெர்மனியில் 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முறை வேலைக்கான வசிப்பு அனுமதி பெற்ற திறன்பணியாளர்கள் பெற்றோரை அழைக்கலாம். மருத்துவக் காப்பீடுதான் பெரிய முட்டுக்கட்டை. தம்பியோ அந்தத் தேதிக்கு முன்பே அனுமதி வாங்கிப் போனவன். அதனால் இப்போதைக்கு அம்மா 90 நாளுக்குள் திரும்புவதாக டிக்கெட் போட்டாயிற்று.