நிசார் செய்மதி மண்சரிவை முன்கூட்டியே அறிவிக்குமா? பொது அறிவு வினா ஒன்றில் ஐயம்

பதிவிட்டவர்: அட்டன் மாலை வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். அரச போட்டிப் பரீட்சைகளுக்குத் தோற்றவிருக்கும் தோட்டப்புற இளைஞர்களுக்கு மாலை வேளையில் பொது அறிவு கற்பித்து வருகிறேன். அண்மைக்கால விஞ்ஞான, மருத்துவ, தொழினுட்ப வளர்ச்சி என்ற பகுதிக்கு வந்தால், பெயரையும் ஆண்டையும் மனனம் செய்வதோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். 2023 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்கள் யார் என்றால் கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் என்று விடை உடனே வருகிறது. எதற்காகப் பெற்றார்கள் என்று கேட்டால் வகுப்பு வாய் திறப்பதில்லை.

இம்முறை நிலைமை வேறு. நாங்கள் பயன்படுத்தும் கைநூலில், "நிசார்: நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய, மண்சரிவை முன்கூட்டியே அறிவிக்கும் செய்மதி" என்று ஒரு வரி இருக்கிறது. அதை வாசித்தவுடன் பதுளைப் பக்கத்தில் உறவினர்களைக் கொண்ட ஒரு மாணவி, அப்படியானால் 2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலின்போது அது ஏன் எங்களுக்கு ஒன்றையும் அறிவிக்கவில்லை என்று கேட்டார். என்னிடம் தக்க விடை இருக்கவில்லை. அந்த வரி சரியா? சரியில்லை என்றால், பரீட்சைக்கும் பொருந்தி, உண்மைக்கும் பொருந்தும் வகையில் அதை எப்படித் திருத்தி எழுதலாம்?

மறுமொழி: பேராதனை ஆய்வு மாணவன்

ஆசிரியருக்கு வணக்கம். அந்த வரியில் திகதியும் நிறுவனங்களும் சரியானவை. "முன்கூட்டியே அறிவிக்கும்" என்பதுதான் பிழை. மாணவியின் கேள்வி மிகவும் நியாயமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நிசார் ஒளிப்படம் எடுக்கும் செய்மதியன்று. அது நுண்ணலையைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்யும் ராடார் செய்மதி. ஆகவே இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஒளிப்படச் செய்மதிகள் நுவரெலியாவை நோக்கினால் மேகத்தை மட்டுமே காணும் என்பதால், நமது மலைகளுக்கு இது சிறிய விடயமன்று. அதில் இரண்டு ராடார்கள் உள்ளன: நாசா அமைத்த எல் பட்டை ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர்; இஸ்ரோ அமைத்த எஸ் பட்டை ராடாரின் அலைநீளம் 10 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 12 மீற்றர் விட்டமுள்ள வலைப்பின்னல் அலைவாங்கி ஒன்றை விண்வெளியில் விரித்து, 12 நாட்களுக்கு ஒரு முறை அதே பாதைக்குத் திரும்பி வந்து அதே நிலத்தைப் பதிவு செய்கிறது.

இனி, நிலம் நகர்ந்ததை அது எவ்வாறு அறிகிறது? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைகளுக்குத் தலையீடு என்ற பாடம் நினைவிருக்கும். ஒரே இடத்திலிருந்து வந்த இரு எதிரொலிகளின் அவத்தையை, அதாவது அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, ஒப்பிட்டால், இடையில் அந்த நிலம் ராடாரை நோக்கியோ அதை விட்டு விலகியோ எவ்வளவு நகர்ந்தது என்று கணிக்கலாம். அலை போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், 24 சென்ரிமீற்றர் அலைக்கு 12 சென்ரிமீற்றர் நகர்வு ஒரு முழுச் சுற்று ஆகும். அந்தச் சுற்றின் சிறு பின்னத்தையும் அளக்க முடிவதால்தான் "சென்ரிமீற்றர் அளவு நகர்வையும் காணும்" என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அந்தக் கூற்று உண்மை. முறையும் புதியதன்று, 1992 இல் கலிபோர்னியாவில் ஏற்பட்ட லாண்டர்ஸ் நிலநடுக்கத்தின் நில நகர்வை ஐரோப்பியச் செய்மதி ஒன்றின் தரவிலிருந்து வரைபடமாக்கி, அடுத்த ஆண்டே வெளியிட்டார்கள்.

புதியது அலைநீளமும், உலகின் நிலப்பரப்பு ஏறத்தாழ முழுவதையும் தவறாமல் பதிவு செய்து தரவை இலவசமாக வழங்கும் ஏற்பாடும். 2014 முதல் இயங்கும் ஐரோப்பாவின் சென்ரினல்-1 செய்மதிகளின் அலைநீளம் 5.6 சென்ரிமீற்றர். அவ்வளவு குறுகிய அலை மரத்தின் இலைகளிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. இலை காற்றில் அசையும், உதிரும், துளிர்க்கும். பன்னிரண்டு நாட்களுக்குப் பின் இரு எதிரொலிகளுக்கும் இடையில் ஒப்பிடத்தக்க தொடர்பு எஞ்சுவதில்லை. நீண்ட அலை இலைகளைக் கடந்து கிளை, அடிமரம், நிலம் வரை செல்கிறது. பச்சை போர்த்திய மலைகளுக்கு எல் பட்டை பொருந்துவது இதனால்தான்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நவம்பர் 27, 28 ஆம் திகதிகளில் சரிந்த பல மலைகள் மெதுவாக நகர்ந்து கொண்டிருந்தவையல்ல. பெருமழையில் மண்ணின் துளைகளில் நீரழுத்தம் ஏறி, மண்ணைப் பிடித்து வைத்திருந்த உராய்வு குறைந்து, சில நிமிடங்களில் சேறும் கல்லுமாகப் பாய்ந்தவை. அதற்கு முந்தைய பதிவின்போது அந்தச் சரிவு அசையாமல் நின்றிருக்கும். அசையாத நிலத்தில் செய்மதி காண்பதற்கு ஒன்றுமில்லை. மேலும், ஏவப்பட்ட பின் முதல் 90 நாட்கள் கருவிகளைச் சரிபார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன என்பதையும் வகுப்பில் சொல்லலாம். ஆனால் அதையே காரணமாகச் சொல்லி முடித்துவிட வேண்டாம். முழுமையாக இயங்கியிருந்தாலும் அன்றிரவு அது எச்சரித்திருக்காது.

மறுமொழி: வெளிக்கள உத்தியோகத்தர், ஊவா

மேலே எழுதிய தம்பியின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. தேயிலை மலையில் நிற்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நாங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு மலையாகக் கவ்வாத்து வெட்டுகிறோம், அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்து விடுகிறோம். நேற்று வரை பச்சையாக இருந்த மலை, வெட்டி முடிந்ததும் வெறும் குச்சியாக நிற்கும். வெட்டிய கிளைகள் வரிசைகளுக்கிடையே கிடக்கும். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டால், மலை நகர்ந்துவிட்டது என்று அந்த ராடார் நினைத்துக் கொள்ளாதா?

மற்றொன்று. அபாயத்தை அறிவிப்பது இன்றும் மழைமானிதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழைவீழ்ச்சியைக் கொண்டே மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேறிவிட வேண்டும். பழைய தோட்டப் பதிவேடுகள் அங்குலத்தில் இருப்பதால், மூன்று, நான்கு, ஆறு அங்குலம் என்று நினைவில் வைப்பது எங்களுக்கு எளிது. உங்கள் பிள்ளைகள் நிசாரை அறிவதற்கு முன் இந்த மூன்று எண்களை அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மழைமானியை எத்தனை பேர் கிட்டப் போய்ப் பார்த்திருப்பார்கள்?

மறுமொழி: பேராதனை ஆய்வு மாணவன்

ஐயா, நல்ல கேள்வி. கவ்வாத்து வெட்டிய மலையை ராடார் நகர்ந்ததாகக் காட்டாது. பெரும்பாலும் எதையும் காட்டாமல் விட்டுவிடும். எதிரொலி தரும் பொருட்களே மாறிவிட்டதால் இரு பதிவுகளுக்கும் இடையிலான ஒப்புமை குலைந்து, அந்த மலை மட்டும் வரைபடத்தில் இரைச்சலாகத் தெரியும். ஆகவே எந்த மலையில் எப்போது கவ்வாத்து வெட்டினார்கள் என்ற தோட்டப் பதிவேடு, செய்மதித் தரவை ஆராய்பவருக்குப் பெரிதும் பயன்படும்.

வேறு குறைகளும் உள்ளன. செய்மதி துருவங்களை அண்டிச் செல்லும் பாதையில் பயணித்தபடி பக்கவாட்டில் பார்க்கிறது. ஆகையால் கிழக்கு மேற்காகவும் மேல் கீழாகவும் நிகழும் நகர்வு நன்கு தெரியும், வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ வழுக்கும் சரிவு மங்கலாகவே தெரியும். மிகச் செங்குத்தான மலையில் உச்சியின் எதிரொலி அடிவாரத்தின் எதிரொலிக்கு முன்னரே வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். காற்றிலுள்ள நீராவியும் அலையைச் சற்றுத் தாமதப்படுத்தி, நகராத நிலத்தை நகர்ந்தது போலக் காட்டக்கூடும்.

மறுமொழி: பண்டாரவளை புவியியல் ஆசிரியை

இவ்வளவையும் வாசிக்கும் பிள்ளைகள் நிசாரால் நமக்குப் பயனே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். மண்சரிவு என்ற ஒரே பெயரால் நாம் வேறுபட்ட நிகழ்வுகளை அழைக்கிறோம். எங்கள் பக்கத்தில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட கஹகொல்லையில் வீதியோடு சேர்ந்து நிலம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்து வந்தது. ஜப்பானிய உதவியுடன் நிலத்தடி நீரை வடியச் செய்து அதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. இத்தகைய ஊர்ந்து செல்லும் சரிவுகளை, சுவரில் வெடிப்பு விழும் முன்னரே கண்டுபிடிக்கக்கூடிய கருவி இது. பல மாதங்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தால் எந்த மலை அசைகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பிரித்தறியலாம். புதிய வீடமைப்புத் திட்டத்துக்கு நிலம் தெரிவு செய்யும்போது அந்த வரைபடம் மேசையில் இருக்க வேண்டும்.

அறிவிப்பு மட்டும் போதாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயக் குடியிருப்புகள் புதைந்தபோது, அந்த இடம் அபாயமானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே அடையாளம் காணப்பட்டிருந்தது. போக வேறு இடம் கொடுக்கப்படாதவருக்கு எந்தச் செய்மதியின் வரைபடமும் காகிதம்தான்.

வினா வரியை நான் இப்படித் திருத்துவேன்: "நிசார்: நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கி 2025 இல் ஏவிய, இரு அலைப்பட்டைகளைக் கொண்ட ராடார் செய்மதி, நிலத்தின் மெதுவான நகர்வு, பனிப்பாறை, காடு, ஈரநிலம் ஆகியவற்றின் மாற்றங்களை 12 நாள் சுழற்சியில் அளக்கிறது."

மறுமொழி: அட்டன் மாலை வகுப்பு

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அவர்களின் வரியை அப்படியே எடுத்துக் கொள்கிறேன். மூன்று எண்களையும் நேற்று வகுப்பில் எழுதியபோது ஒரு மாணவன், 24 மணி நேரம் என்பது எப்போதிலிருந்து எப்போது வரை என்று கேட்டான். பத்திரிகையில் வரும் நாளாந்த மழைவீழ்ச்சியைக் கொண்டு கணக்கிடலாமா?

மறுமொழி: வெளிக்கள உத்தியோகத்தர், ஊவா

அப்படிக் கணக்கிட வேண்டாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை நாள் காலை 8.30 க்கு முடிந்து, அடுத்தது அப்போதே தொடங்குகிறது. அதிகாலையில் தொடங்கி நண்பகல் வரை விடாமல் கொட்டிய 160 மில்லிமீற்றர் மழை, நாளாந்தப் பதிவில் இரண்டு நாட்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 80 என்று தோன்றலாம். உண்மையில் அது சிவப்பு. அபாய நிலையைப் பார்க்க, அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி 24 மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். தன்னியக்க மழைமானிகள் அதைத் தாமே செய்கின்றன. கையால் அளக்கும் தோட்டங்களில், கனமழை நாட்களில் மாலையிலும் இரவிலும் ஒவ்வொரு முறை அளந்து, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

எண் எட்டாவிட்டாலும், நிலத்தில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால் அறிவிப்புக்குக் காத்திராமல் வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள்.