கலைச்சொல் தேவை: பிரிகாஷனரி பிரின்சிபிள் (திங்களன்று அச்சு)

அன்பர்களே,

உணவு அறிவியல் பாடநூலில் அயல்நாட்டுச் சட்டங்கள் பற்றிய இயல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பிரிகாஷனரி பிரின்சிபிள்’ என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: தீங்கு உறுதியாகாவிட்டாலும், ஐயம் இருந்தாலே தடுப்பது. மிட்டாய்க்கு வெண்மை ஏற்றும் டைட்டானியம் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். அது மரபணுவைச் சிதைக்காது என்று உறுதி சொல்ல முடியவில்லை என்றது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2021இல். சிதைக்கும் என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அமெரிக்காவில் அப்போதும் உணவின் எடையில் 1 விழுக்காடு வரை சேர்க்கலாம். ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. புயலுக்கு முன்னெச்சரிக்கை என்றால் புயல் என்ன செய்யும் என்று தெரியும். இங்கே அதுதான் தெரியாது.

– மொழிபெயர்ப்பாசிரியை, கோவை

*

அம்மா, 435ஆம் குறள் இருக்கக் கவலை எதற்கு? ‘வருமுன்னர்க் காவாதான்’. ஆகவே வருமுன்காப்பு. முடிந்தது. ஜெர்மானியர் இதை ஃபோர்சோர்கே என்பர். ஃபோர் என்றால் முன். சோர்கே என்றால் கவலை. அது நம் ‘சோர்வு’தான், ஐயமே இல்லை. சோர், சோர்தல், சோம்பு... விரிவாக நாளை எழுதுகிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை

*

ஐயா, வருவது இன்னதென்று தெரிந்தால்தானே வருமுன் காக்க? 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அதில் கண்டுபிடித்தது ரோடமின்-பி, துணிக்குப் போடுகிற சாயம். உணவில் அதற்கு அனுமதியே கிடையாது. அது தெரிந்த தீங்குக்குத் தடை. ஆசிரியை கேட்பது வேறு.

நம் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் இந்த நெறி பெயர் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது: தீங்கு நேரக்கூடும் என்று தெரிகிறது, அறிவியல் இன்னும் முடிவு சொல்லவில்லை என்றால் இடைக்கால நடவடிக்கை எடுக்கலாம். ஐரோப்பாவின் 178/2002 ஒழுங்குமுறையில் 7ஆம் கூறும் ஏறத்தாழ இதே வாசகம்தான். எனவே சொல்லில் ஐயம் இருந்தாக வேண்டும். என் பரிந்துரை: ஐயக்காப்பு.

(இன்னொன்று: 2013ஆம் ஆண்டு ரேஷன் அரிசிச் சட்டமும் ‘உணவுப் பாதுகாப்பு’, கலப்படம் பிடிக்கிற சட்டமும் ‘உணவுப் பாதுகாப்பு’. இந்தக் குழப்பத்தை யார் தீர்ப்பது?)

– வழக்கறிஞர், மதுரை

*

ஐயக்காப்பை இரண்டாம் வேற்றுமையாக விரித்தால் ‘ஐயத்தைக் காத்தல்’. ஐயம் தீர்ந்துவிடாமல் பொத்திவைத்துக்கொள்வது! ஐரோப்பாமீது அமெரிக்கா சொல்லும் புகாரே இதுதானே? ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சி பற்றிய வழக்கில், ஐரோப்பாவின் இறக்குமதித் தடை இடர் மதிப்பீட்டின் மேல் நிற்கவில்லை என்று உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 1998இல் சொன்னது. சொல்லே எதிர்க்கட்சிக்கு வாதாடக் கூடாது.

– இலக்கண ஆர்வலர், சென்னை

*

ஏழாவதாக விரியுங்கள், ‘ஐயத்தின்கண் காப்பு’. வழக்குத் தீர்ந்தது.

– மதுரை

*

வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். முதல் வரிசை மாணவி, “ஐயப்பனுக்கு மாலைதானே மேடம், காப்பு எதுக்கு?” என்றாள். வகுப்பே சிரித்தது. ‘சந்தேகக் காப்பு’ என்றதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

– கோவை

*

சந்தேகம் வடசொல். தவிரவும் ஐயம் என்றால் பிச்சை, ‘ஐயமிட்டு உண்’. உணவுச் சட்டத்தில் பிச்சையா? சோர்வு பற்றிய கட்டுரை இணைப்பில், 11 பக்கம்.

– தஞ்சை

*

எங்கட பக்கத்தில ‘முற்காப்பு’ எண்டு சொன்னால் சனத்துக்கு விளங்கும். சின்னச் சொல், ‘முற்காப்பு நெறி’ எண்டு போடலாமே. ஐயம், சந்தேகம் எல்லாம் வரைவிலக்கணத்தில வரட்டும். ஒரு சொல் எவ்வளவைத்தான் சுமக்கும்?

– யாழ்ப்பாணம்

*

முற்காப்புக்கு ஐந்து பேர் கை தூக்கியிருக்கிறீர்கள், பாதிப்பேர் களைத்துப்போய்த்தான் என்று தெரிகிறது. ‘முற்காப்பு நெறி’ என்று அனுப்பிவிட்டேன். ஐயக்காப்பு அடிக்குறிப்பில் இருக்கிறது. அடுத்த இயலில் டிரேசபிலிட்டி (உணவு எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்வது) வருகிறது, ‘தடமறிதல்’ என்று போடப்போகிறேன். தஞ்சை ஐயா, தடத்தின் வேர் இப்போதைக்கு வேண்டாம்.

– கோவை

*

நெறி வேறு, கோட்பாடு வேறு. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

– சென்னை