பூங்காப் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிகிறது: நீட்டிப்புக் கோப்பில் என்னென்ன பார்க்கணும்?

பசுமைப்பிரிவு_ஏஇ:

தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சி. ஒரு மண்டலத்தின் 14 பூங்காக்களும் இரண்டு பிரதான சாலைகளின் சென்டர் மீடியன் செடிகளும் ஒரே பேக்கேஜில் இருக்கின்றன. இரண்டு வருட ஒப்பந்தம், மார்ச் 31-ல் முடிகிறது. மாதம் சுமார் 6 லட்சம், ஆட்கள் 24 பேர். புது மதிப்பீடு இன்னும் தொழில்நுட்ப அனுமதிக்குப் போகவில்லை. "பழைய ரேட்டிலேயே 6 மாதம் நீட்டித்து நோட் போடுங்க" என்று மேலிருந்து வாய்மொழியாக உத்தரவு. ஒப்பந்தத்தில் "தேவைப்பட்டால் அதே விலையில், அதே நிபந்தனைகளில் நீட்டிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. எத்தனை மாதம் என்று இல்லை. தணிக்கைத் தடை வராமல் இதை எப்படிக் கொண்டுபோவது? நீட்டிப்போடு சேர்த்து, காய்ந்துபோன மீடியனுக்கு 4 லட்சத்துக்குப் புதுச் செடியும் வைக்கச் சொல்கிறார்கள். அதையும் இதே உத்தரவில் சேர்க்கலாமா?

டெண்டர்_மேசை:

அந்த ஒரு வரி இருப்பதால் பிழைத்தீர்கள். அது இல்லாத ஒப்பந்தத்தை நீட்டித்தால், டெண்டர் இல்லாமல் புதுப் பணி கொடுத்ததாகவே தணிக்கை எடுத்துக்கொள்ளும். 1998-ஆம் வருட ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது, உண்மைதான். ஆனால் இயற்கைப் பேரிடர் மாதிரியான சில குறிப்பிட்ட நிலைமைகளுக்கு மட்டும் வைத்த விலக்கு அது. டெண்டர் விட மறந்துபோனது பேரிடரில் வராது.

6 மாதம் கேட்காதீர்கள். 2 கோடி வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள், விலை போட அவகாசம் கொடுக்கணும். உங்கள் இரண்டு வருடப் பேக்கேஜ் 1.44 கோடி, ஆக 15 நாள் பிரிவு. தொழில்நுட்ப உறை, விலை உறை திறப்பது, பேச்சுவார்த்தை, மாநகராட்சி மன்றத் தீர்மானம் எல்லாம் சேர்த்தாலும் 3 மாதத்தில் முடியும். மதிப்பீடு எந்தத் தேதியில் எங்கே போகும் என்ற அட்டவணையை நீட்டிப்புக் கோப்பிலேயே இணைத்துவிடுங்கள். "ஏன் நீட்டித்தீர்கள்" என்பதைவிட "நீட்டித்த பிறகும் ஏன் டெண்டர் விடவில்லை" என்றுதான் தணிக்கையில் கேட்பார்கள்.

உத்தரவில் முடியும் நாளை இப்படி எழுதுங்கள்: "ஜூன் 30 வரை, அல்லது புதிய ஒப்பந்ததாரர் பணியேற்கும் நாள் வரை, எது முந்தியதோ அது, 15 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்பின் பேரில் முடித்துக்கொள்ளலாம்." இந்த வாசகம் இல்லாவிட்டால், மே மாதமே புது ஆள் வந்தாலும் பழையவர் ஜூன் வரை பில் கேட்பார். கேட்க அவருக்கு உரிமையும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல் தேதி. ஒப்பந்ததாரரின் சம்மதக் கடிதம், ஆணையர் ஒப்புதல், நீட்டிப்புக்கான கூடுதல் ஒப்பந்தத்தில் இரு தரப்புக் கையெழுத்து மூன்றும் மார்ச் 31-க்கு முன் முடிந்திருக்கணும். ஏப்ரல் 20-ல் "1-4 முதல் நீட்டிக்கப்படுகிறது" என்று போட்டால், செத்த ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுப்பதாக ஆகிவிடும். மன்றத்தில் பின்னேற்பு (செய்த பிறகு பெறும் ஒப்புதல்) வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். வாங்கலாம்தான், ஆனால் தீர்மானம் வரும்வரை அந்த 20 நாள் பில் கணக்குப் பிரிவில் தூங்கும், ஆட்களின் சம்பளமும் கூடவே தூங்கும்.

ஒப்பந்ததாரர் கொடுத்த வங்கி உத்தரவாதத்தையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்பந்த முடிவிலிருந்து 60 நாள் வரைதான் செல்லுபடியாகும். நீட்டிப்பு ஜூன் 30 வரை என்றால் நடுவிலேயே காலாவதி. திருத்தப்பட்ட உத்தரவாதம் கைக்கு வந்து, அந்த வங்கிக் கிளைக்கே நேரடியாக எழுதி உறுதிக் கடிதம் வாங்கிய பிறகே நீட்டிப்பு உத்தரவு வெளியே போகணும்.

கணக்குப்_பிரிவு:

செடியைச் சேர்க்காதீர்கள். ஜிஎஸ்டி கெட்டுவிடும்.

பூங்கா பராமரிப்பு அரசியலமைப்பின் 243-W பிரிவில், பன்னிரண்டாம் அட்டவணையில் வருகிற உள்ளாட்சிப் பணி. உள்ளாட்சிக்கு வெறும் சேவையாகச் செய்தால் ஜிஎஸ்டி கிடையாது. பொருளும் சேவையும் கலந்திருந்தால், பொருளின் மதிப்பு மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டாதவரை அதற்கும் விலக்கு உண்டு. மத்திய பொதுப்பணித் துறைக்குச் செய்யும் தோட்டப் பணிகளுக்கும் இதே விலக்குதான் என்று 2023 அக்டோபர் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தினார்கள்.

உங்கள் கணக்கையே எடுப்போம். 3 மாதம், 18 லட்சம். அதில் எரு, மருந்து, மாற்றுச் செடி எல்லாம் 2.5 லட்சம் என்று வைத்தால் 14 சதவீதம், வரி இல்லை. 4 லட்சம் செடியைச் சேர்த்தால் பொருள் 6.5 லட்சம், மொத்தம் 22 லட்சம், கிட்டத்தட்ட 29.5 சதவீதம். விலக்கு போய், முழு 22 லட்சத்துக்கும் 18 சதவீதம், 3.96 லட்சம் வரி. செடி விலையளவுக்கு வரி கட்டுவீர்கள். உயிருள்ள செடிகளைப் பொருளாகத் தனியே வாங்கினால் வரியே கிடையாது. செடியைத் தனிக் கொள்முதலாகப் போடுங்கள்.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கிறது: விலக்குள்ள பணிக்கே மதிப்பீட்டில் 18 சதவீதம் ஏற்றிக் கொடுத்துவிடுவது. பழைய மதிப்பீட்டில் அப்படி இருந்தால் நீட்டிப்பிலும் அப்படியே நகலெடுக்க வேண்டாம். விலக்குள்ள பில்லில் 2 சதவீத ஜிஎஸ்டி பிடித்தமும் இல்லை. வருமான வரிப் பிடித்தம் வழக்கம்போல தனிநபருக்கு 1, நிறுவனத்துக்கு 2 சதவீதம்.

காண்ட்ராக்ட்_தரப்பு:

"பழைய ரேட்டிலேயே" என்று சொல்வது சுலபம். ஏப்ரல் 1-ல் அகவிலைப்படி மாறும், குறைந்தபட்சக் கூலியும் மாறும். உதாரணத்துக்கு நாளுக்கு 20 ரூபாய் ஏறினால், 26 நாளுக்கு 520. அதன்மேல் பிஎஃப் நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், இஎஸ்ஐ 3.25 சதவீதம் சேர்ந்தால் ஆளுக்கு மாதம் 604.50. 24 பேருக்கு 3 மாதத்தில் 43,524 ரூபாய். இதை யார் தலையில் கட்டுவது என்று எழுதாமல் விட்டால் ஒப்பந்ததாரர் ஆளைக் குறைப்பார். வருகைப் பதிவில் 24 இருக்கும், பூங்காவில் 20 இருக்கும்.

"அதே விலையில்" என்ற வரி இருந்தாலும், சட்டப்படி ஏறும் கூலி வித்தியாசத்தை மட்டும், சம்பளப் பட்டியலும் பிஎஃப் ரசீதும் காட்டினால் தரலாம் என்று மன்றத் தீர்மானத்திலேயே வாங்கிவிடலாம். லாபம், மேற்செலவு எதையும் அதன்மேல் ஏற்றத் தேவையில்லை.

இன்னொன்று தண்ணீர். வருடத் தொகையை 12-ஆல் வகுத்துத்தான் மாதத் தொகை போட்டிருப்பார்கள். ஏப்ரல், மே, ஜூன் வருடத்திலேயே அதிகச் செலவுள்ள மூன்று மாதம். மே மாதப் புல்தரைக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், ஏக்கருக்கு 20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றே முக்கால் நடை, தினமும். போர்வெல் வற்றிய பூங்காவுக்கு இது கட்டுப்படியாகாது. இரண்டு முழு வருடம் ஓடினால் மழைக்கால மிச்சம் கோடைச் செலவை ஈடுகட்டும். வெறும் கோடைக்கு நீட்டித்தால் அந்த மிச்சத்துக்கு வழியில்லை.

டெண்டர்_மேசை:

தண்ணீர் விஷயத்தில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மாதத் தொகையை ஏற்றக்கூடாது. ஏற்றினால் டெண்டர் விலை மாறியதாகிவிடும். மூல மதிப்பீட்டின் விலைப் பகுப்பாய்வில் லாரித் தண்ணீர் தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வரியின் விலையிலேயே உண்மையில் வந்த நடைகளுக்குக் கொடுங்கள்; வண்டி எண், நேரம், பூங்காக் காவலர் கையெழுத்து மூன்றும் பதிவேட்டில் இருக்கணும். இல்லாவிட்டால் மாநகராட்சி லாரியையே அனுப்புவதுதான் சுத்தம். ஒப்பந்ததாரரும் இரண்டு மழைக்கால மிச்சத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மண்_மரம்_கோரை:

எல்லாரும் காகிதத்திலேயே நிற்கிறீர்கள். மார்ச் கடைசி வாரத்தில் கூட்டு ஆய்வு செய்யாமல் நீட்டித்தால், இரண்டு வருடம் கவனிக்காமல் செத்ததெல்லாம் "கோடையில் காய்ந்தது" என்று மாறிவிடும். பூங்கா பூங்காவாகப் போய் புல்தரை சதுர மீட்டரில், செடிவேலி ஓடுமீட்டரில், பூச்செடி பாத்தி வாரியாக எண்ணிக்கையில் எழுதுங்கள். மண் தெரிகிற இடத்தைத் தனியே அளந்து, இடக்குறியீட்டோடு (ஜியோடேக்) படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போடணும். போர்வெல் மோட்டார் ஓடுகிறதா, எத்தனை ஸ்பிரிங்க்ளர் தலை உடைந்திருக்கிறது என்பதும் அதிலேயே. மோட்டார் எரிந்தால் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் செலவு யாருடையது என்ற சண்டை மே மாதம் கட்டாயம் வரும்.

புல்தரையில் கோரையை (கிழங்குள்ள களை) பாருங்கள், இதுதான் நல்ல சோதனை. மெஷின் வெட்டிய மறுநாள் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். வெட்டி நாலைந்து நாள் கழித்துப் போனால் புல்லைவிட உயரமாக, வெளிறிய பச்சையில் கோரை தனியே நிற்கும். ஒன்றைப் பிடுங்குங்கள். இலை மட்டும் கையோடு வந்து கிழங்கு மண்ணிலேயே நின்றால், களை எடுத்ததாகப் போட்ட பில் எல்லாம் மேலே சீவிய பில்தான். களைக்கொத்தியால் கிழங்கோடு எடுக்கணும், மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் எடுக்கணும்.

செத்த இடத்துக்கு ஏப்ரலில் புல் பதிக்கச் சொல்லி அழுத்தாதீர்கள். கொரியன் புல் அந்த வெயிலில் வேர் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும், தண்ணீரும் வீண். பரப்பைக் கணக்கிட்டு அதற்கான தொகையைப் பழைய காலத்துப் பில்லில் நிறுத்திவையுங்கள். மழை தொடங்கியதும் அவர் பதித்தால் விடுவியுங்கள், இல்லையென்றால் பிடித்துக்கொள்ளுங்கள். மீடியன் செடிக்கும் அதுதான்: வாங்குவதை இப்போதே தொடங்கலாம், நடுவது மழையோடு.

பசுமைப்பிரிவு_ஏஇ:

செடியைத் தனியே பிரித்துவிடுகிறேன். ஜூன் 30 வாசகத்தையும் அப்படியே போடுகிறேன். ஒரு சந்தேகம்: பிஎஃப் ரசீது மாதாமாதம் பில்லோடு வருகிறது. அது போதாதா?

கணக்குப்_பிரிவு:

போதாது. மொத்தத் தொகை ரசீதோடு, ஆள் வாரியான பட்டியலையும் கேளுங்கள். அதிலுள்ள யுஏஎன் எண்களை (ஆளுக்கு ஆள் தனியான பிஎஃப் எண்) உங்கள் 24 பேர் வருகைப் பதிவோடு ஒத்துப் பாருங்கள். ஒரே ரசீதை இரண்டு மண்டலத்துப் பில்லிலும் வைப்பது சாதாரணமாக நடக்கிறது. பக்கத்து மண்டலமும் இவரிடம் இருந்தால் இரண்டு பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பாக்கி இருந்தால் முதன்மை வேலையளிப்பவர் (ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்குபவர்) என்ற முறையில் மாநகராட்சிதான் கட்டணும். மார்ச் வரை நிலுவை இல்லை என்று உறுதியான பிறகு நீட்டிப்புக்குக் கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பிறகு அவரைக் கேட்க உங்கள் கையில் பிடி குறைவு.

காண்ட்ராக்ட்_தரப்பு:

அதே மாதிரி ஜனவரி, பிப்ரவரி பில்லையும் மார்ச்சுக்குள் தீர்த்துவிடுங்கள். இரண்டு மாதப் பில் நிலுவையில் இருக்கும்போது சம்மதக் கடிதம் கேட்டால், தேதி போடாமல்தான் தருவார்கள்.