புதுப்பிப்பு: பம்ப் ஓடும்போது தொட்டி மட்டம் குதித்தது – காரணம் கிடைத்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: எங்கள் குடிநீர் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓடும்போதெல்லாம் ஸ்காடா (நிலையத்தைக் கணினியில் கண்காணிக்கும் அமைப்பு) திரையில் மேல்நிலைத் தொட்டியின் மட்டம் தாறுமாறாகக் குதித்தது. பொய் அலாரம் ஓயவில்லை.

சென்சாரை மாற்றச் சொன்னவர்களே அதிகம். அதற்கு முன் லூப் கேலிபரேட்டரால் (சென்சாருக்குப் பதிலாகத் தெரிந்த அளவு மின்னோட்டம் கொடுக்கும் சோதனைக் கருவி) சோதிக்கச் சொன்னவர்தான் காசை மிச்சப்படுத்தினார். சென்சார் அளவை மின்னோட்டமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, தொட்டி முனையிலிருந்து 12 மில்லியாம்பியர் கொடுத்தோம். மட்டத்தைச் சொல்லும் சிக்னல் 4 மில்லியாம்பியரிலிருந்து (காலி) 20 வரை (முழு அளவு) போகும்; அதில் 12 சரிபாதி. முழு அளவு 5 மீட்டர் என்பதால் திரை 2.5 காட்ட வேண்டும். பம்ப் நின்றிருந்தபோது அப்படியே காட்டியது. வி.எஃப்.டி. (பம்ப் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி; மின் இரைச்சல் கிளப்பும்) ஓடியதும் பழைய ஆட்டம்தான். அப்புறம் சென்சார் மேல் என்ன பழி?

சிக்னல் கேபிளின் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருந்தது. தொட்டிப் பக்கம் துண்டித்து இன்சுலேட் செய்து, பேனல் பக்கம் மட்டும் விட்டோம். பெரும்பகுதி அடங்கியது. மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் கிடந்த சிக்னல் கேபிளைத் தனியாகப் பிரித்ததும் மிச்சமும் போயிற்று.

பி.எல்.சி.யில் (சிக்னலை வாங்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஃபில்டர் நேரத்தை, அதாவது அளவைச் சராசரியாக்கும் நேரத்தை, கூட்டும் யோசனையை நான் எடுக்கவில்லை. அலை மறையும், சரி. தொட்டி நிஜமாகவே வழியும்போது அலாரமும் தாமதமாகும்.

எதிர்பாராத ஒன்று: திரையில் மட்டத்தின் டிரெண்டு கோடு (நேரப்படி வரையும் வரைபடம்) சுத்தமானதும், விநியோக வால்வு மூடியிருக்கும் இரவிலும் மட்டம் மெல்ல இறங்குவது தெரிந்தது. பம்ப் பக்க நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் பின்னோக்கித் திரும்பாமல் தடுப்பது) கசிகிறது. இத்தனை நாள் அந்தக் குதிப்புக்குள் இது ஒளிந்திருந்தது. வால்வை ஃபிட்டர் பிரித்துப் போட்டிருக்கிறார்.