கண்மாய்கள் பற்றிய பாட்காஸ்ட்: ரீல்ஸைப் பல்லாயிரம் பேர் பார்த்தும் அத்தியாயத்தைக் கேட்பவர்கள் ஏன் கூடவில்லை?

கண்மாய்க்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நண்பரும் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் பற்றித் தமிழில் ஒரு பாட்காஸ்ட் நடத்தி வருகிறோம். மாடக்குளம், வண்டியூர், நிலையூர் என ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு, அதன் மடைகள் (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்கள்), கலுங்கு (மிகுநீர் வழிந்தோடும் இடம்), வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய்), ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) ஆகியவற்றைப் பற்றி அந்தந்த ஊர் முதியவர்களையும், வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்பாய்ச்சிகளையும் பேசச் சொல்லிப் பதிவு செய்கிறோம். ஓராண்டில் 14 அத்தியாயங்கள் வந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 நிமிடம் ஓடும்.

எங்கள் சிக்கல் இதுதான். இன்ஸ்டாகிராமில் வாரம் மூன்று ரீல்ஸ் போடுகிறோம். மடையைத் திறக்கும் முறையை ஒரு பெரியவர் விளக்கிய ரீல்ஸை 40 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆனால் அந்த வாரம் அத்தியாயத்தைக் கேட்டவர்கள் 78 பேர்; அதற்கு முந்தைய வாரம் 70 பேர். இடையில் பணம் கொடுத்து ஒரு விளம்பர நிறுவனத்திடம் இரண்டு மாதம் பொறுப்பை ஒப்படைத்தோம். பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை 2,000 கூடியது. கேட்பவர்கள் ஒருவர்கூடக் கூடவில்லை. இருவருக்கும் வேலை இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இதற்கு நேரம் கிடைக்கிறது. அந்த ஒரு நாளை எந்தத் தளத்தில், எப்படிச் செலவிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

வடக்கு வெளி வீதி

தம்பி, நான் நான்கு ஆண்டுகளாக ஒரு நேர்காணல் பாட்காஸ்ட் நடத்துகிறேன். நீங்கள் சொல்லும் இந்த இடைவெளியில் நானும் நெடுநாள் தவித்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரீல்ஸைப் பார்ப்பவர் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர். 35 நிமிடம் கேட்கும் மனநிலையில் அவர் அப்போது இல்லை. அவரை அங்கிருந்து உங்கள் அத்தியாயத்துக்கு அழைத்துவரும் வழியில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் பதிவின் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. அவர் உங்கள் முகப்புக்குப் போய், அங்குள்ள இணைப்பைத் தொட்டு, வேறொரு செயலிக்குள் நுழைந்து, பதினான்கு அத்தியாயங்களில் தாம் கேட்க விரும்பியது எது என்று தேட வேண்டும். இத்தனை படிகளையும் கடந்து 8 பேர் வந்தார்கள் என்றால், அவர்கள் உண்மையாகவே கேட்க விரும்பியவர்கள் என்றுதான் நான் கொள்வேன்.

ஆகவே படிகளைக் குறையுங்கள். ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கர் வைக்கும் வசதி 2021 முதல் எல்லாக் கணக்குகளுக்கும் இருக்கிறது. ரீல்ஸ் வெளியிடும் அதே நாளில் அந்த அத்தியாயத்துக்கு மட்டும் நேரே செல்லும் இணைப்புடன் ஒரு ஸ்டோரி போடுங்கள். யூடியூபில் ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கருத்துப் பகுதியிலும் இடும் இணைப்புகள் 2023 ஆகஸ்ட் முதல் செயல்படுவதில்லை. அதற்குப் பதிலாக, உங்கள் சேனலிலேயே உள்ள முழுக் காணொளியை ஷார்ட்ஸுடன் 'தொடர்புடைய காணொளி' என்று இணைத்துவிடலாம். பார்ப்பவர் ஒரே தொடுதலில் அங்கே போய்விடுவார். இதற்காகவே முழு அத்தியாயத்தையும் யூடியூபில் ஏற்றி வைப்பது அவசியம். படப்பிடிப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். கண்மாயின் ஒளிப்படம் ஒன்றைப் பின்னணியில் வைத்து ஒலியை ஏற்றினாலும், தமிழ்நாட்டில் பலருக்குக் கேட்கும் இடம் அதுவாகவே இருக்கிறது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024இல் மூடப்பட்டபோது அந்நிறுவனமே கேட்பவர்களை யூடியூப் மியூசிக்குக்குத்தான் மாறச் சொன்னது.

தலைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'அத்தியாயம் 9' என்று பெயரிட்டால் யாரும் தேடிவர மாட்டார்கள். 'மாடக்குளம் கண்மாய்: மடை திறப்பவர் யார்?' என்று ஊரின் பெயர் முதலில் வரும்படி எழுதுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேடுவோர் மிகப் பலர் என்பதால், ஊர்ப் பெயரை விளக்கப் பகுதியில் அந்த எழுத்திலும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள்.

ரீல்ஸை வெட்டும்போது, 'மீதியை அத்தியாயத்தில் கேளுங்கள்' என்று பாதியில் நிறுத்துகிறீர்களா? நான் அப்படித்தான் செய்துவந்தேன். ஒரு சிறு செய்தியை முழுமையாகச் சொல்லி முடித்துவிட்டு, அதனை ஒட்டிய வேறொரு கேள்வியை எழுப்பி விடுவதே நன்றாக வேலை செய்கிறது. மடையைத் திறக்கும் முறையை முழுவதும் சொல்லிவிட்டு, 'கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டில் ஊர் என்ன முடிவெடுத்தது?' என்று கேட்டால், கேட்டவருக்கு ஏமாற்றமும் இருக்காது, ஆர்வமும் அடங்காது. ஒலியை நிறுத்தி வைத்துப் பார்ப்பவர்களுக்காகத் தமிழ் எழுத்தைத் திரையில் கையாலேயே தட்டச்சு செய்து சேருங்கள். வட்டாரச் சொற்கள் நிறைந்த பேச்சைத் தானியங்கி வசதிகள் பெரும்பாலும் சிதைத்துவிடுகின்றன.

மேலூர்ப் பக்கம்

தம்பிக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பாட்காஸ்ட் நடத்துபவன் அல்லன், கேட்பவன். கேட்பவனின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நிலையூர்க் கண்மாயைப் பற்றி 35 நிமிடம் கேட்க உலகத்திலேயே அதிக ஆர்வம் உள்ளவர்கள் நிலையூர்க்காரர்கள்தாம். அவர்களில் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களுக்கு அந்த ஆர்வம் இன்னும் மிகுதி. அவர்கள் இன்ஸ்டாகிராமில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். அந்தக் குழுவில் நீங்கள் நுழைந்து இணைப்பைப் போட்டால் அது விளம்பரமாகத் தெரியும். அத்தியாயத்தில் பேசிய நீர்பாய்ச்சியோ அவருடைய பேத்தியோ, 'எங்கள் தாத்தா பேசியிருக்கிறார், கேளுங்கள்' என்று போட்டால் அதற்கு இருக்கும் மதிப்பே வேறு. பதிவு முடிந்த அன்றே அந்தக் குடும்பத்தில் கைபேசியை நன்றாகக் கையாளும் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, வெளியிடும் நாளில் முதல் இணைப்பை அவருக்கு அனுப்புங்கள்.

அடுத்தது காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது, ஊரே கலுங்கில் நின்று படம் எடுத்து முகநூலில் போடுகிறது. அந்த ஊரின் அத்தியாயத்தைக் கோடையில் வெளியிட்டிருந்தாலும், மறுகால் பாயும் அன்று மீண்டும் அதை நினைவூட்ட வேண்டும். வண்டியூர் தெப்பக்குளத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தால், தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே வெளிவந்துவிட வேண்டும். திருவிழா அன்று யாருக்கும் கேட்க நேரம் இருக்காது.

ஒலிக்கூடம்

மேலே இருவரும் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப், முகநூல் என்று நான்கையும் சுமந்தால், அத்தியாயத்தின் தரம் விழுந்துவிடும் என்பதே என் கவலை. வாரம் மூன்று ரீல்ஸ் என்பதை ஒன்றாகக் குறைத்து, மிச்சமாகும் நேரத்தை ஒலிக்குக் கொடுங்கள். கண்மாய்க் கரையில் காற்றோசையுடன் பதிவான பேச்சை ஐந்து நிமிடத்துக்கு மேல் காதில் வைத்திருக்க முடியாது. ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை அல்லது மயிர் உறை போட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள்.

எண்களையும் சரியாகப் படிக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் கேட்பவர்கள் எந்த நிமிடத்தில் விலகுகிறார்கள் என்பதை வரைகோடாகவே காட்டுகின்றன. முதல் மூன்று நிமிடத்தில் பாதிப் பேர் போய்விட்டால், குறை சமூக ஊடகத்தில் இல்லை, உங்கள் தொடக்கத்தில் இருக்கிறது. வணக்கம், அறிமுகம், நன்றி ஆகியவற்றைச் சுருக்கிவிட்டு, நேரே பெரியவரின் குரலில் தொடங்குங்கள். மேலும், ஒலிக்கோப்பை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. ஊர்க்காரர்கள் இணைப்பைவிடக் கோப்பைத்தான் எளிதாகக் கேட்பார்கள் என்றால் அதை அனுப்பத் தயங்காதீர்கள். ஆனால் 78 என்ற எண்ணை அதன்பின் முழு உண்மையாக நம்பாதீர்கள்.

இன்னும் ஒன்று: வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். 2023இல் வந்த வாட்ஸ்அப் சேனலில் இந்த இரண்டு தடையும் இல்லை. அத்தியாய அறிவிப்புக்குச் சேனல் பொருந்தும். கேட்பவர்களோடு உரையாடுவதற்குச் சிறு குழுதான் நல்லது.

கண்மாய்க்கரை

அக்கா, ஐயா, ஒலிக்கூடம் நண்பர், மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரைகோட்டை இன்றுதான் முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். நாங்கள் இருவரும் பேசும் முதல் நான்கு நிமிடத்தில்தான் பெரும்பாலோர் விலகியிருக்கிறார்கள். பெரியவர் பேசத் தொடங்கிய பிறகு இருந்தவர்கள் கடைசி வரை இருந்திருக்கிறார்கள். அடுத்த அத்தியாயத்தை அவர்கள் குரலிலேயே தொடங்குகிறோம்.

ஒரு தயக்கம் மட்டும் மீதம் இருக்கிறது. அந்த 40 ஆயிரம் பேர் பார்த்த ரீல்ஸின் கீழே சிலர் பெரியவரின் பேச்சு வழக்கைக் கேலி செய்து எழுதியிருந்தார்கள். அதை அவர் குடும்பத்தார் பார்த்து வருந்தினார்கள். நம்பிப் பேசியவரை இப்படிப் பொதுவெளியில் நிறுத்திவிட்டோமே என்பது இன்னும் உறுத்துகிறது. அவர்களிடமே இணைப்பை அனுப்பிப் பகிரச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வடக்கு வெளி வீதி

தம்பி, இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் குறிப்பிட்ட சொற்கள் உள்ள கருத்துகளைத் தானாகவே மறைக்கும் அமைப்பு இருக்கிறது. கேலிக்குப் பயன்படுத்தும் சொற்களை அதில் சேர்த்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் நீங்களே கருத்துப் பகுதியில் இருந்து, அந்தச் சொல் எந்த ஊர் வழக்கு, அதன் பொருள் என்ன என்று விளக்கி எழுதுங்கள். என் அனுபவத்தில், அப்படி எழுதத் தொடங்கியதும் 'எங்கள் ஊரிலும் இப்படித்தான் சொல்வோம்' என்று பத்துப் பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். எந்தப் பகுதியை ரீல்ஸாக வெட்டுகிறீர்கள் என்பதை வெளியிடும் முன் பேசியவருக்குப் போட்டுக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே ஏற்றுங்கள்.

மேலூர்ப் பக்கம்

அந்தப் பெரியவர் வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள் தம்பி. முழு அத்தியாயத்தையும் அவர் அருகில் அமர்ந்து கேட்கச் செய்யுங்கள். பிறகு, பகிர்வதா வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும்.