கேஸ் டிடெக்டரில் 0, 1, 2 மட்டும் வருகிறது. சராசரி எடுக்கலாமா?

பம்ப்ஹவுஸ்: அவசரம். கழிவுநீர் பம்ப் நிலையத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவின் அளவைப் பதிவு செய்தோம், பிபிஎம்மில் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு). பெரும்பாலும் 0, நடுவில் 1, எப்போதாவது 2. எக்செலில் சராசரி 0.4. ரிப்போர்ட்டில் போடலாமா?

லேப்வாசி: எந்த மாடல்? எத்தனை நொடிக்கு ஒரு பதிவு? லாகரில் (ரீடிங்குகளைச் சேமிக்கும் பகுதி) சேர்வது அந்த நேர இடைவெளியின் சராசரியா, உச்சமா? எந்த வரம்போடு ஒப்பிடுகிறீர்கள்?

மீசைக்காரர்: சென்சார் செத்திருக்கும். காலிப்ரேஷன் கேஸ் (அளவு தெரிந்த வாயு) காட்டிப் பார்த்தீர்களா?

பேராசான்: இதெல்லாம் முதல் வருடப் பாடம் தம்பி. திரையில் 0 என்றால் காற்றில் 0 என்று அர்த்தமில்லை. 1 என்பது 0.5-க்கும் 1.5-க்கும் நடுவில் எங்கோ. ஒவ்வொரு ரீடிங்கையும் இடைவெளியாக எடுத்து, லாக்-நார்மல் பரவலை (பெரும்பாலும் சிறிய அளவுகள், எப்போதாவது பெரியவை வரும் வடிவம்) அதிகபட்ச நிகழ்தகவு முறையில், அதாவது இந்த ரீடிங்குகள் வர அதிக வாய்ப்புள்ளபடி, பொருத்துங்கள். புள்ளியியலுக்கான ஆர் மொழியில் அதற்கு fitdistrplus பேக்கேஜ் இருக்கிறது.

மீசைக்காரர்: எதற்கு இவ்வளவு? 0 வரும் இடத்தில் கண்டறியும் எல்லையில் (கருவி உணரும் மிகக் குறைந்த அளவு) பாதியைப் போட்டால் முடிந்தது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பேராசான்: பெரும்பாலும் 0 என்கிறார். அப்போது விடையாக வருவது நீங்கள் போட்ட பாதிதான், காற்றில் இருந்தது இல்லை.

மீசைக்காரர்: உங்கள் லாக்-நார்மல் மட்டும் யூகம் இல்லையா?

லேப்வாசி: இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள், அவர் இன்னும் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

இரவுஷிஃப்ட்: முதலில் கருவி முழு எண்ணுக்கு வட்டமாக்குகிறதா, தசமத்தை வெட்டுகிறதா என்று மேனுவலில் பாருங்கள். வெட்டுகிறது என்றால் 0 என்பது 1-க்குக் கீழே எதுவாகவும் இருக்கலாம், 1 என்பது 2-க்குக் கீழே. அப்போது எந்தப் பரவலும் வேண்டாம்: உண்மைச் சராசரி 0.4-க்கும் 1.4-க்கும் நடுவில். 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்ன 8 மணி நேர சராசரி வரம்பு 10 பிபிஎம், அதற்கு இதுவே போதும். அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர் அமைப்பான ஏசிஜிஐஎச் சொல்லும் 1 பிபிஎம்மோடு ஒப்பிட்டால் இந்தக் கருவியால் தீர்ப்பு சொல்ல முடியாது, 0.1 வரை காட்டும் கருவி வேண்டும். அப்புறம், சிறிய அளவுகளை வேண்டுமென்றே 0 ஆகக் காட்டும் கருவிகளும் உண்டு, அதையும் பாருங்கள். உள்ளே இறங்குகிறவர்களுக்குச் சராசரி காவல் இல்லை, உச்சத்தைத் தனியாக எழுதுங்கள்.

பேராசான்: அடுத்தடுத்த நிமிட ரீடிங்குகள் ஒன்றையொன்று சார்ந்தவை. நம்பிக்கை இடைவெளி (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லைகள்) எடுத்தால் அதை மறக்க வேண்டாம்.

பம்ப்ஹவுஸ்: வெட்டுகிறதாம். வரம்பு 10 தான். 0.4 முதல் 1.4 வரை என்று எழுதி, உச்சத்தைத் தனியாகப் போட்டுவிட்டேன். நன்றி.

லேப்வாசி: லாகரில் சராசரியா உச்சமா?