காப்பர் டி எடுத்ததுக்கப்புறம் தீட்டு கூடிருச்சு, யாருக்காச்சும் இப்படி ஆச்சா?

ஏலத்தோட்டக்காரி, கம்பம்:
எனக்கு 44 வயசு, ரெண்டு பிள்ளைக. கம்பமெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் காய் எடுக்கப் போறவ. அஞ்சு வருசமா இருந்த காப்பர் டியை ஆனி மாசம் எடுத்தாங்க. அன்னைக்கும் மறுநாளும் லேசாப் பட்டுச்சு. முப்பத்தஞ்சாம் நாள் வந்துச்சு பாருங்க, எட்டு நாள் நிக்கல. கட்டி கட்டியாப் போச்சு. அடுத்த மாசமும் அதே பாடு.

ஏலக்காய் செடியோட தூர்லதான் காய்க்கும், குத்தவச்சுத்தான் எடுக்கணும். எந்திரிச்சா குபுக்குன்னு இறங்குது. போன வாரம் என் கணுக்கால்ல ரத்தத்தைப் பாத்துட்டு பக்கத்துல எடுத்தவ, "அட்டை கடிச்சிருக்கு பாருக்கா"ன்னு சுண்ணாம்பு டப்பாவை நீட்டுனா. நானும் வாங்கித் தடவிக்கிட்டேன். கங்காணி நிக்கிறாரு, வேற என்னத்தைச் சொல்ல.

என் நாத்தனாருக்கு எடுத்ததும் குறைஞ்சுச்சாம். எனக்கு மட்டும் ஏன் தலைகீழா இருக்கு? எடுக்கும்போது உள்ள புண்ணாக்கிட்டாங்களோ?

போடிக்காரி:
எனக்கும் குறையத்தான் செஞ்சுச்சு. அது இருந்த வரைக்கும் அடிவயிறு சுண்டி இழுக்கும், ஆறு ஏழு நாள் போகும். எடுத்து மூணாம் மாசம் நாலு நாளாயிருச்சு.

கட்டப்பனை நர்ஸ்:
அக்கா, உள்ள இருந்தப்ப தீட்டு எப்படி இருந்துச்சு? எடுத்ததைக் கண்ணால பாத்தீங்களா, செம்புக் கம்பி சுத்தியிருந்துச்சா?

ஏலத்தோட்டக்காரி:
செம்பு இல்லம்மா. ட்ரேயில காட்டுனாங்க, வெள்ளையா, கீழ ரெண்டு நூல் தொங்குச்சு. அது இருந்தப்ப தீட்டே இல்லைன்னு சொல்லலாம், எப்பவாச்சும் சொட்டுப் படும். அதுக்கு முன்னாடி இப்ப மாதிரியேதான் கொட்டும். கர்ப்பப்பையை எடுக்கணும்னாங்க. இன்னொரு டாக்டரம்மாதான் இதை வச்சுப் பாப்போம்னாங்க. சீட்டு எடுத்துக் கட்டுன காசு.

கட்டப்பனை நர்ஸ்:
அப்ப அது காப்பர் டியே இல்லக்கா, மிரேனா மாதிரி ஹார்மோன் வளையம். நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் காப்பர் டின்னே பேரு, அதான் குழப்பம். செம்பு தீட்டைக் கூட்டும், எடுத்தா குறையும். இது கர்ப்பப்பையோட உள்சவ்வை மெலிசா வச்சு தீட்டைக் குறைக்கும், எடுத்தா பழையபடி திரும்பும். புண்ணெல்லாம் ஆகியிருக்காது. அன்னைக்குக் கொட்டுனதுக்கு என்ன காரணமோ, அது அப்படியே இருக்கலாம்.

ஆனா 44ன்னா சும்மா விடக்கூடாது. ஸ்கேன்ல கட்டி இருக்கான்னு பாக்கணும், ரத்த அளவும் தைராய்டும் பாக்கணும். உள்சவ்வுல கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டும் பண்ணச் சொல்லுவாங்க, பயப்படாதீங்க. வளையம் எடுத்ததும் கரு நிக்கலாம், அதனால சிறுநீர் டெஸ்ட்டும் ஒண்ணு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடுன்னு ரெண்டு மணி நேரம் நனைஞ்சாலோ, தலை சுத்துனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. நிறுத்துற மாத்திரையைக் கடையில நீங்களா வாங்காதீங்க.

போடிக்காரி:
இரும்புச்சத்து மாத்திரை குடுத்தா டீயோட முழுங்காதீங்க. மலைக்குப் போறவுகளுக்கு அதான் வழக்கம், சத்து உடம்புல சரியா ஒட்டாது.

ஏலத்தோட்டக்காரி:
மேல ஏறுனா மூச்சு வாங்குறதை வயசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நாளைக்கு ஜீப்புக்கு வரலைன்னு சொல்லிட்டேன், ஒரு நாள் கூலி போனாப் போகுது. சுண்ணாம்பு குடுத்தவகிட்டயும் உண்மையைச் சொன்னேன். அவளுக்கும் நாலு மாசமா இதே பாடுதானாம். கூட வர்றா.